வாக்குரிமை வந்த வழி

சென்ற ஆடித் திங்களிற் கூடிய நம் சங்கச் செயற்குழுவில் ஒரு வினா எழுந்தது. அதற்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

நம் சங்க விதிகளின்படி, ஆயுட்சந்தா செலுத்திய குடும்பத் தலைவர் ஒருவரே அக்குடும்பத்தின் சார்பில் நிருவாகிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உடையர். சந்தா செலுத்த இயலாதார்க்கும், குடும்பத் தலைவர் அல்லாத மகளிர்க்கும் இளைஞர்க்கும் அவ்வுரிமை இல்லை. இவ்விதியைத் திருத்தி, பதினெட்டு ஆண்டு நிரம்பிய நம்மவர் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கல் வேண்டும் என இளைஞர் சிலர் ஒரு தீர்மானம் கொணர்ந்தனர். அதனைக் கேட்ட பெரியவர் ஒருவர் எழுந்து, "கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் நாங்கள். கொடுத்தவனுக்கும் கொடுக்காதவனுக்கும் ஒரே வாக்கு என்றால் அது நியாயமா? பொறுப்பில்லாதவன் கையில் பெட்டிச் சாவியைக் கொடுக்கலாமா?" என்று வினவினார். அப்பெரியவர் நம் மாணவர் விடுதிக்கு வாரி வழங்கியவர். நம் பிள்ளைகளிடத்துப் பேரன்பு உடையவர். அவர்தம் வினாவை நகைத்து ஒதுக்குதல் தகாது. கூட்டமும் அதனை ஒதுக்காது, தீர்மானத்தை வருகின்ற தைத் திங்கட் பொதுக்குழுவிற்கு ஒத்திவைத்தது.

அவ்வினா அவர் ஒருவர் மட்டும் கேட்டதன்று. பொருள் உடையார்க்கே பேச்சுரிமை என்னும் கொள்கை இந்நாட்டில் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. அது படிப்படியாகத் தளர்ந்து, ஆள் ஒவ்வொருவர்க்கும் ஒரு வாக்கு என்னும் நிலை எங்ஙனம் வந்தது என்பதை அறிந்தாலன்றி, நாம் தைத் திங்களிற் செய்யவேண்டுவது யாதெனத் தெளிதல் அரிது. ஆகலின் அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பேன்.

குடவோலை

தேர்தல் என்றவுடன் நம்மனோர் நினைவிற்கு முதற்கண் வருவது உத்தரமேரூர். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் ஆங்கு வெட்டப்பெற்ற இரு கல்வெட்டுகள், அவ்வூர்ச் சபையார் தம் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை விளங்க உரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுப்பித்தனர்.

அம்முறையிற் போற்றத்தக்கன பல. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்திற் புகாது; அவன் நெருங்கிய உறவினர் பெயரும் புகாது. மூன்றாண்டுக்குள் வாரியஞ் செய்தவன் மீண்டும் வாரியத்திற்கு வரல் இயலாது. பிறர் பொருளைக் கவர்ந்தவனுக்கும் இடம் இல்லை. ஓராயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னர் ஓர் ஊர் இத்துணை விழிப்புடன் விதி வகுத்தது என்பது நமக்குப் பெருமையே.

ஆயினும் பழம்பெருமை பேசுங்கால் மெய்யை மறைத்தல் ஆசிரியன் ஒருவனுக்கு அழகன்று. குடத்திற் பெயர் இடப்படுவான், இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனாகவும், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவனாகவும், முப்பத்தைந்து வயதிற்கு மேல் எழுபதிற்குட்பட்டவனாகவும், வேதப் பயிற்சி உடையவனாகவும் இருத்தல் வேண்டும். கல்வி மிக்கார்க்கு நில அளவிற் சலுகை உண்டு. அச்சபையோ பிரமதேய ஊர் ஒன்றின் அந்தணர் சபை. அவ்வூரில் உழுதார், நெய்தார், மரம் அறுத்தார் பெயர்கள் ஓலையில் எழுதப்படவில்லை. அக்குடத்தை வனைந்த குயவன் பெயரும் அக்குடத்தினுள் விழவில்லை. மகளிர் பெயரும் இல்லை. மேலும் அது திருவுளச்சீட்டு முறையே அன்றி, இன்னார் வேண்டும் என மக்கள் தாமே தெரிவிக்கும் வாக்கு முறை அன்று. எனவே உத்தரமேரூரிலிருந்து நாம் கொள்ளத்தக்கது கணக்கின் தூய்மை. தள்ளத்தக்கது நிலத்தின் அளவு. இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டு மேற்செல்வோம்.

தீர்வை கட்டியவர்க்கே வாக்கு

ஆங்கிலேயர் இந்நாட்டில் அமைத்த சட்டசபைகளிலும் அக்கால் வேலிக் கொள்கையே வேறு உருவில் நின்றது. 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சபையில் அமர்ந்தோர் அனைவரும் அரசினரால் நியமிக்கப்பட்டவரே. 1892-ஆம் ஆண்டிலும் 1909-ஆம் ஆண்டிலும் இயற்றப்பெற்ற சட்டங்கள் கதவைச் சிறிது திறந்தன. எனினும் நகரசபைகள், ஜில்லா போர்டுகள், ஜமீன்தார்கள், சர்வகலாசாலை போன்றவற்றின் வாயிலாக ஒருசிலரே உட்புக முடிந்தது. குடியானவனுக்கும் கூலியாளுக்கும் அது தொலைவில் நின்று காணும் மாளிகையே.

1919-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரட்டையாட்சி வந்தது. 1920-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மாகாணச் சட்டசபைக்கு முதன்முறையாக வாக்காளர் நேரே தேர்ந்தெடுக்கும் பொதுத்தேர்தல் நடைபெற்றது. நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அம்மாகாணத்தில் வாக்காளர் பன்னிரண்டரை இலட்சம் அளவினரே. அஃதாவது நூற்றுக்கு மூவர். குறித்த அளவு தீர்வை கட்டும் நிலமுடையார், நகராட்சி வரி கொடுப்பார், வருமான வரி கொடுப்பார், படையிலிருந்து ஓய்வு பெற்றார் என்போரே பெரும்பாலும் அம்மூவர். எஞ்சிய தொண்ணூற்றெழுவரும் உப்புக்கும் துணிக்கும் விலையோடு வரியும் கொடுத்தவரே. ஆயினும் அவ்வரி பட்டாவில் எழுதப்படாமையால் அவர் வரி கொடுத்தவராக எண்ணப்படவில்லை.

இதற்கு அன்று கூறப்பட்ட காரணம் யாது? "பொருள் உடையவனுக்கே பொறுப்பு உண்டு, எழுத்தறியாப் பாமரன் ஆளுந்திறம் அறியான், அவனுக்கு இன்னும் காலம் வரவில்லை" என்பதே. "இன்னும் காலம் வரவில்லை" என்னும் இத்தொடரை அன்பர்கள் மறவாதிருத்தல் வேண்டும். இவ்வரலாற்றின் ஒவ்வொரு படியிலும் இத்தொடரே வாயிற்காவலனாக நின்றது.

மகளிர் கேட்டது

1917-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபொழுது, சரோஜினி நாயுடு அம்மையார் தலைமையில் மகளிர் தூதுக்குழு ஒன்று அவரைக் கண்டு, ஆடவர்க்கு அளிக்கப்படும் வாக்குரிமை மகளிர்க்கும் அளிக்கப்படல் வேண்டும் என முறையிட்டது. ஆயின் வாக்குரிமையை ஆராய்ந்த சவுத்பரோ குழுவினர், இந்நாட்டுச் சமூக நிலையில் மகளிர்க்கு வாக்களித்தற்குரிய காலம் இன்னும் வரவில்லை என்றே முடிவு கூறினர். இறுதியில் 1919-ஆம் ஆண்டுச் சட்டம், இதனை அவ்வம்மாகாணச் சட்டசபையே முடிவு செய்து கொள்க என விட்டுவிட்டது.

சென்னைச் சட்டசபை காலந்தாழ்த்தவில்லை. நீதிக்கட்சியார் ஆட்சியில், 1921-ஆம் ஆண்டில், பெண் என்னும் காரணத்தால் வாக்குரிமை மறுக்கும் தடையை நீக்கியது. ஆங்கிலேய இந்திய மாகாணங்களுள் இதனை முதலிற் செய்தது சென்னையே. இங்கிலாந்திலேயே முப்பது வயதிற்கு மேற்பட்ட மகளிர் சிலர்க்கு 1918-ஆம் ஆண்டில்தான் வாக்கு வந்தது. ஆடவரோடு ஒத்த உரிமை 1928-ஆம் ஆண்டிலேயே வந்தது.

எனினும் இங்கு நீங்கியது பெண் என்னும் தடையே. சொத்து என்னும் தடை நீங்கவில்லை. தம் பெயரில் நிலமோ வரியோ உடைய மகளிர் அக்காலத்து எத்துணையர்? ஆகலின் வாக்காளர் பட்டியலில் ஏறிய மகளிர் மிகச் சிலரே. எனினும் அச்சிறு வாயிலே பெருவழி ஆயிற்று. 1926-ஆம் ஆண்டில் கமலாதேவி சட்டோபாத்தியாயர் சென்னைச் சட்டசபைத் தேர்தலில் நின்று, சில வாக்குகளே குறைந்து தோற்றார். மறு ஆண்டில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியார் நியமன உறுப்பினராக அவையிற் புகுந்து அதன் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் அவையில் வாதாடினார். அவ்வவையில் அதற்கு முன்னர் அமர்ந்திருந்த சான்றோர் பலர்; அவருள் ஒருவரும் அதனை அவ்வளவு வற்புறுத்திப் பேசிற்றிலர். துன்பம் உற்றார் இனத்தவர் ஒருவர் அவையில் இருந்தாலன்றி அத்துன்பம் அவையேறுவதில்லை.

ஒடுக்கப்பட்டோர் கேட்டது

இவ்வுண்மைக்கு மற்றொரு சான்றும் உண்டு. சட்டசபையில் நியமன உறுப்பினராக இருந்த இரட்டைமலை சீனிவாசனார், பொதுச் சாலைகளிலும் பொதுக் கிணறுகளிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் தடையின்றிச் செல்லவும் பழகவும் உரிமை உண்டு என 1924-ஆம் ஆண்டில் ஒரு தீர்மானம் கொணர்ந்து நிறைவேற்றினார். சாலை பொதுப்பணத்தால் இட்டது. கிணறும் பொதுப்பணத்தால் வெட்டியது. அங்ஙனம் இருந்தும், அவர் அவையில் எழுந்து கேட்கும் வரை அவை பொதுவாகவில்லை.

அண்ணல் அம்பேத்கார் 1919-ஆம் ஆண்டிலேயே சவுத்பரோ குழுவின்முன் சான்றுரைத்து, ஒடுக்கப்பட்டோர்க்குச் சொத்துத் தகுதியைத் தளர்த்தல் வேண்டும் என வாதிட்டார். நிலம் வாங்கவும் தொழில் நடத்தவும் இடங்கொடாத சமூகமே, நிலம் இல்லை எனக் காட்டி வாக்கு மறுப்பது எங்ஙனம் முறையாகும் என்பதே அவர் வாதத்தின் சாரம். சைமன் குழு வந்த 1928-ஆம் ஆண்டில், வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு என்றே கேட்டார். அவ்வாண்டு வெளிவந்த நேரு அறிக்கையும் அதனையே வேண்டியது. 1931-ஆம் ஆண்டுக் கராச்சிக் காங்கிரசும் அவ்வாறே தீர்மானித்தது.

ஆயின் 1932-ஆம் ஆண்டில் வாக்குரிமையை ஆராய்ந்த லோதியன் குழு, மக்கட்டொகை மிகுதி, எழுத்தறிவின்மை என்பன காட்டி, அனைவர்க்கும் வாக்களித்தல் நடைமுறைக்கு ஒவ்வாது என்றது. மீண்டும் "காலம் வரவில்லை." அவ்வாண்டுப் பூனா உடன்படிக்கையால் ஒடுக்கப்பட்டோர்க்கு மாகாணச் சபைகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன, அவற்றுள் 30 சென்னைக்கு உரியன. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாக்காளர் தொகை பெருகி, 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் நாடு முழுதும் ஏறத்தாழ மூன்று கோடி ஆயிற்று. எனினும் அது நூற்றுக்குப் பதினால்வரே. மகளிர் பலர் சொத்துடையார் மனைவியர் என்னும் தகுதியால் பட்டியலில் ஏறினர். பெண் தானாக அன்றி, ஒருவர்தம் மனைவியாகவே அரசினர் கண்ணிற்குப் புலப்பட்டாள்.

இவ்விடத்து நம் சங்கத்தின் பழைய ஏடுகளைப் புரட்டிக் கண்ட ஒன்றைக் கூறல் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் நம் முன்னோர் அரசினர்க்கு விடுத்த விண்ணப்பம் ஒன்றின் படி நம் அலுவலகத்தில் உளது. நம்மவருள் பலர் வாரத்திற்கு உழுவோர், சிறு வாணிகர், கைத்தொழிலாளர். ஆதலின் தீர்வை அளவுகோல் கொண்டு அளந்தால் நம் குரல் அவையேறாது. அவ்வளவைக் குறைத்தருளல் வேண்டும் என்று அதில் வேண்டியுள்ளனர். அன்று நாம் வாயிலின் புறத்தே நின்று கேட்டோம். இன்று நம் சங்கத்தின் வாயிலில் நம் பிள்ளைகளும் பெண்களும் நின்று கேட்கின்றனர்.

கடல் கடந்த பாடம்

லோதியன் குழு இயலாது என்றதற்கு ஓராண்டு முன்னரே, நம் கரைக்கு எதிர்க்கரையில் அஃது இயன்றது. இலங்கையின் ஆட்சியமைப்பை ஆராய வந்த டொனமூர் ஆணையத்தார் தம் 1928-ஆம் ஆண்டு அறிக்கையில் வாக்குரிமையைப் பெரிதும் விரித்தல் வேண்டும் என்றனர். ஆங்குள்ள தலைவர் பலர் அதனை விரும்பிற்றிலர். பெரும்புலமையும் பெருஞ்செல்வமும் வாய்ந்த பொன்னம்பலம் இராமநாதரும் எதிர்த்தார். தொழிலாளர் தலைவர் குணசிங்காவும் மகளிர் வாக்குரிமைச் சங்கத்தாரும் வேண்டி நின்றனர். 1931-ஆம் ஆண்டில், இருபத்தொரு வயது நிரம்பிய ஆடவர் பெண்டிர் இருபாலாரும் வாக்களித்த தேர்தல் இலங்கையில் நடைபெற்றது. எழுத்தறியாதார் வாக்களித்தமையால் வானம் இடிந்து வீழவில்லை.

ஆயின் இலங்கை மற்றொரு பாடத்தையும் நமக்குக் கற்பிக்கின்றது. தேயிலைத் தோட்டங்களிற் பாடுபட்ட நம் தமிழ் மக்கள் 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரசைச் சார்ந்த எழுவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், 1949-ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத்திருத்தமும் அம்மக்களுள் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கி, அவர்தம் வாக்கையும் பறித்தன. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் சார்பில் ஒருவரும் பாராளுமன்றம் புகவில்லை. வாக்கிழந்தாரைப் பற்றி இரு நாட்டு அரசினரும் 1964-ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்து, இத்துணையர் உமக்கு, இத்துணையர் எமக்கு எனப் பங்கிட்டனர். அவ்வாறு பங்கிடப்பட்டாரைக் கேட்டாரிலர். வாக்கில்லாதவரைக் கேட்க வேண்டும் என்னும் நினைவு எவர்க்கும் எழுவதில்லை. எஞ்சியோர்க்குக் குடியுரிமை முழுதும் கிட்ட வழிசெய்த சட்டம் 2003-ஆம் ஆண்டிலேயே வந்தது. பெற்ற உரிமை காவாவிடின் கைவிட்டுப் போம் என்பதற்கு இதனினும் அண்மைச் சான்று வேண்டா.

ஆளுக்கு ஒரு வாக்கு

விடுதலை பெற்ற இந்தியா காலம் வரும் எனக் காத்திராது, காலத்தைத் தானே வரவழைத்தது. அரசியல் நிருணய சபை, வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு என்பதை ஏற்றது. அரசியற் சட்டத்தின் 325, 326-ஆம் உறுப்புகள் இதனைக் கூறும்: சமயம், இனம், சாதி, பால் என்பன காட்டி ஒருவரையும் வாக்காளர் பட்டியலினின்றும் விலக்கலாகாது, சொத்தும் கல்வியும் தகுதி அல்ல, இருபத்தொரு வயதே தகுதி. நம் பக்கத்தவராகிய அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், மக்களின் எழுத்தறிவின்மையை அறிந்திருந்தும் பாமரரிடத்து நிறைந்த நம்பிக்கை வைத்தே இவ்வவை இதனை ஏற்றது என்னும் கருத்துப்பட 1949-ஆம் ஆண்டு நவம்பரிற் பேசினார். நம்பிக்கை என்னும் அச்சொல்லே இவ்வரலாற்றின் திருப்புமுனை.

சட்டம் எழுதுதல் எளிது. பட்டியல் எழுதுதல் அரிது. அரசியற் சட்டம் நிறைவேறு முன்னரே, 1948-ஆம் ஆண்டில், வீடுவீடாகச் சென்று பெயர் எழுதும் பணிக்கு ஆணை பிறந்தது. தேர்தல் ஆணையர் சுகுமார் சென் மேற்பார்வையில் முடிவுற்ற பட்டியலில் 17 கோடி 32 இலட்சம் பெயர்கள் இருந்தன. 1951-ஆம் ஆண்டுக் கணக்கின்படி எழுத்தறிந்தார் ஐவருள் ஒருவர்க்கும் குறைவு. ஆகவே கட்சிகளுக்குச் சின்னங்கள் வந்தன. வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வந்தது. எழுத்தறியாமை தடை என்றவர்க்கு, ஒரு மாட்டுச் சின்னமும் ஒரு குடிசைச் சின்னமும் விடை கூறின.

அப்பட்டியலில் ஒரு குறையும் நேர்ந்தது. வடநாட்டிற் பெண்கள் பலர் அயலார்க்குத் தம் பெயர் கூற மறுத்து, இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே எழுதச் செய்தனர். பெயரில்லா வாக்காளரை ஏற்றல் இயலாது என ஆணையர் உறுதியாக நின்றமையால் ஏறத்தாழ 28 இலட்சம் மகளிர் அத்தேர்தலில் வாக்கிழந்தனர். அது கொடிது எனத் தோன்றலாம். ஆயின் அடுத்த தேர்தலுக்குள் அவருட் பலர் தம் பெயரோடு பட்டியலில் ஏறினர். அரசு ஏட்டில் ஒரு பெண் தன் பெயராலேயே நிற்றல் வேண்டும் என்னும் விதி அன்று நிலைபெற்றது.

எம் பாட்டியார் எனக்குச் சொன்னதை இதனோடு சேர்த்து எண்ணுகின்றேன். பெயர் எழுத வந்த கணக்கர்க்குத் தம் பெயரைத் தயங்காது கூறிய அவர், கணவர் பெயர் யாது என்றதும் வாய் திறந்திலர். நம் நாட்டுப் பெண்கள் கணவர் பெயரைச் சொல்லார் அல்லரோ! அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவனே அதனைச் சொல்லி எழுதுவித்தானாம். எம் பாட்டனார் பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுதவர். 1946-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் பெயர் பட்டியலில் இல்லை. 1952-ஆம் ஆண்டு ஜனவரியில் இருவரும் ஒரே நாளில், ஒரே சாவடியில், முதன்முறையாக வாக்களித்தனர். அன்று மாலை நிலக்கிழார் பாட்டனாரை அழைத்து, எப்பெட்டியில் இட்டாய் என உசாவினாராம். "ஐயா, போட்டது பெட்டிக்குத்தான் தெரியும்" என்று பாட்டனார் விடை கூறினாராம். திரைக்குப் பின்னர் இடப்பட்ட அச்சீட்டின் மறைவே, வாரக் குடியானவன் ஒருவனை ஒருநாளேனும் தனக்குத்தானே தலைவன் ஆக்கிற்று. இங்கிலாந்திலும் மறைவாக்கு 1872-ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று. அதற்கு முன்னர்க் குடியானவர் நிலக்கிழார் காண வாக்களித்தனர். மறைவில்லாத வாக்கு பிறர்க்கு உரிய வாக்கே.

பெற்றதைக் கெடுப்பார் யார்?

பின்னரும் வாயில் அகன்றது. 1988-ஆம் ஆண்டில் நிறைவேறிய அறுபத்தொன்றாம் திருத்தம், 1989 மார்ச்சு முதல் வாக்குரிமை வயதைப் பதினெட்டாகக் குறைத்தது. 1993-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த எழுபத்து மூன்றாம் திருத்தம், ஊராட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்தல் வேண்டும் எனவும், ஒடுக்கப்பட்டோர்க்கும் மகளிர்க்கும் இடம் ஒதுக்கல் வேண்டும் எனவும் விதித்தது. தமிழ்நாடு 2016-ஆம் ஆண்டில் உள்ளாட்சி இடங்களிற் பாதியை மகளிர்க்கு ஒதுக்கிற்று.

ஆயின் சட்டம் திறந்த கதவைச் சமூகம் அடைத்ததும் உண்டு. மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டு, முருகேசன் என்பார் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்குற்றத்திற்காகவே 1997-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் அவரும் உடனிருந்தார் சிலரும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் என்னும் நான்கு ஊராட்சிகளில் 1996 முதற்கொண்டு பத்தாண்டுக் காலம் முறையான ஊராட்சித் தலைவர் நிலைபெற இயலவில்லை; 2006-ஆம் ஆண்டிலேயே அது கைகூடிற்று. ஊராட்சிப் பதவிகளை ஊர்ப்பொதுவில் ஏலம் விட்ட செய்திகளும் வெளிவந்ததுண்டு. இவை அயலாட்சியார் செய்தன அல்ல. சட்டப் புத்தகம் செய்தனவும் அல்ல. சாதிக் கட்டுப்பாடு என்னும் பெயரால் நம் நாட்டார் நம் நாட்டார்க்குச் செய்தன. சாதிச் சங்கம் ஒன்றின் ஏட்டில் எழுதுகின்றேன் ஆதலின், இதனைச் சொல்லாது விடுதல் எனக்கு நாணாகும். எச்சாதியார் செய்தனர் என ஆராய்ந்து நாம் கைகழுவிக் கொள்ளலாகாது. நம் சங்கம் கல்விக்கும் துயர்துடைத்தற்கும் கூடியது. எவர்க்கு வாக்களிக்க வேண்டும் என ஆணையிடவும், எவரும் வாக்களியாதபடி தடுக்கவும் கூடியதன்று. நம் கையில் உள்ள ஒற்றுமை என்னும் கயிறு கிணற்றில் வீழ்ந்தாரை எடுத்தற்கு உரியது. கழுத்தைக் கட்டுதற்கு உரியதன்று.

பெரியவர்க்கு விடை

இனி அப்பெரியவர் வினாவிற்கு வருவோம். கொடுத்தவர்க்கே வாக்கு என்றார். கொடை பெரிது, அதற்குரிய நன்றியும் புகழும் கொடுத்தார்க்கே உரியன. அவர் பெயர் நம் கட்டடத்துக் கல்லில் நிலைத்திருக்கின்றது, நிலைத்திருக்கவும் வேண்டும். ஆயின் அக்கட்டடம் யார்பொருட்டு எழுந்தது? சந்தா கட்ட இயலாத தந்தையின் மகன் தங்கிக் கற்பதற்கே எழுந்தது. கொடுத்தவர் கணக்குக் கேட்பது தம் பணத்தைக் காக்க. கொடுக்க இயலாதவர் கேட்பது தம் பிள்ளையைக் காக்க. இவ்விரண்டனுள் பின்னதன் பொறுப்பு முன்னதற்குச் சிறிதும் குறைந்ததன்று. விடுதிச் சோற்றின் தரத்தை நன்கறிவார் அதனை உண்பாரும் அவர்தம் தாய்மாருமே. அத்தாய்மாருள் ஒருவரேனும் நம் நிருவாகக் குழுவில் இன்றுகாறும் அமர்ந்ததில்லை.

பொறுப்பில்லாதார் கையிற் சாவி கொடுக்கலாமா என்றும் வினவினார். நூற்றுக்கு மூவர் வாக்களித்த காலத்தும் இவ்வாறே வினவினர். 17 கோடி மக்கள் கையில் ஒரு நாட்டின் சாவியே கொடுக்கப்பட்டது. அதன்பின் எத்தனையோ முறை அரசுகள் மாறின, ஆளுங்கட்சி தோற்றது, தோற்றவர் இறங்கினர், வென்றவர் ஏறினர். பொறுப்பு வந்த பின்னர் உரிமை கொடுப்போம் என்பது, நீந்தக் கற்ற பின்னர் நீரில் இறங்குவோம் என்பது போலாம்.

ஆகவே தைத் திங்கட் பொதுக்குழுவில் நம்மவர் நான்கு திருத்தங்களை ஏற்றல் வேண்டும் என்பது என் வேண்டுகோள். முதலாவது, பதினெட்டு ஆண்டு நிரம்பிய உறுப்பினர் ஆடவர் பெண்டிர் அனைவர்க்கும் தம் பெயரால் ஒரு வாக்கு. இரண்டாவது, கைதூக்கி எண்ணும் வழக்கத்தை விடுத்துச் சீட்டெழுதிப் பெட்டியிலிடும் மறைவாக்கு. மூன்றாவது, நிருவாகக் குழுவிற் பாதியிடம் மகளிர்க்கு. நான்காவது, தேர்தலுக்கு முன்னர்க் கணக்கு முழுதும் பொதுக்குழுவிற் படிக்கப்படல் வேண்டும். பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்றல் ஆகாது.

இந்நான்காவது திருத்தம் அப்பெரியவர் அச்சத்திற்கும் மருந்தாம். அவர் கொடுத்த பணம் பாழ்படாது காப்பது கணக்கே அன்றி, வாக்காளர் தொகையின் சுருக்கம் அன்று. இதனை நான் புதிதாகப் புனைந்திலேன். உத்தரமேரூர்க் கல்வெட்டு ஓராயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே கூறியது. அம்முன்னோரிடமிருந்து கணக்கைக் கொள்வோம். கால் வேலியை விடுப்போம்.

பொதுக்குழுவிற்கு வரும் அன்பர்கள் தம் இல்லத்து மகளிரையும் இளைஞரையும் உடன் அழைத்து வருக. தீர்மானம் நிறைவேறும் வரை அவர்க்கு அங்கு வாக்கில்லை. எனினும் தம்மைப் பற்றி முடிவு செய்யப்படுங்கால் அவர் அவையில் இருந்து கேட்டல் முறையன்றோ? அப்பெரியவரையும் அவர்தம் பேத்தியோடு வருமாறு நேரிற் சென்று வேண்டிக்கொண்டுள்ளேன். வருவதாக வாக்களித்துள்ளார்.